விக்கிப்பீடியாவில் கம்பெனிக் கட்டுரையும் படங்களும் ஏன் நிற்பதில்லை? சேலத்திலிருந்து புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் ரோட்டுச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, ஏற்காட்டில் நாலு அறை கொண்ட ஹோம்ஸ்டே, எதுவாகவும் இருக்கட்டும். “நம்ம கம்பெனிக்கு விக்கிப்பீடியாவுல ஒரு பக்கம் போட்டுடுப்பா” என்று யாராவது அந்த வேலையை உங்கள் தலையில் கட்டியிருந்தால், எழுத உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் ‘எங்களைப் பற்றி’ பகுதியை எடுத்து ஒட்டுவார்கள். லோகோ, நிறுவனர் படம், கடை முகப்பு, திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய போட்டோ என்று ஐந்தாறு படங்களையும் ஏற்றுவார்கள். அன்று சாயங்காலமோ மறுநாளோ பார்த்தால் கட்டுரை இருக்காது. கட்டுரை போனதும் படங்கள் எந்தப் பக்கத்திலும் ஒட்டாமல் அநாதையாகக் கிடக்கும். கொஞ்ச நாளில் அவையும் போய்விடும். இரண்டு நீக்கங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எப்படி என்பதைப் படங்கள் பகுதியில் பார்க்கலாம்.

கலைக்களஞ்சியம் யாரை நம்புகிறது

ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியிலும் தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தொடங்கின. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், எழுதுகிறவர் யார், விவரம் தெரிந்தவரா, உண்மையைத்தான் சொல்கிறாரா என்று படிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே எழுதியவரை விட்டுவிட்டு அவர் காட்டும் சான்றைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரித்து யாரும் பெண் கொடுப்பதில்லை, அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்கள். கம்பெனிக்கும் அதே விசாரணைதான். கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒருவர், கம்பெனியிடம் காசு வாங்காமல், அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறாரா என்பதே கேள்வி. இப்படிப்பட்ட எழுத்து ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த நிறுவனம் கட்டுரைக்குத் தகுதி பெறுகிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்பார்கள்.

ஆள் பலமோ விற்றுமுதலோ இதில் கணக்கில் வராது. இருநூறு பேர் வேலை செய்யும் மில்லாக இருக்கலாம், மூன்று தலைமுறையாக நடக்கும் ஜவுளிக்கடையாக இருக்கலாம். வெளியார் யாரும் எழுதவில்லை என்றால் கட்டுரை எழுதச் சரக்கு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கடையின் மதிப்பைப் பற்றி அதில் எந்தத் தீர்ப்பும் இல்லை. இதை முதலாளியிடம் முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். “நம்மளை மதிக்கல” என்ற கோபத்தில்தான் பல பேர் திரும்பத் திரும்ப அதே பக்கத்தைப் போட்டு, கடைசியில் கணக்கையே இழக்கிறார்கள்.

நம் ஊரிலேயே தகுதி பெற்றவை எவை என்று பாருங்கள். ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் நின்றுகொண்டிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938-இல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. திரைப்பட வரலாறு எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. செயில் என்ற பொதுத்துறை உருக்கு நிறுவனத்தின் சேலம் உருக்காலையைப் பற்றி அரசு அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் பல பத்தாண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 1981-இல் பதிவான, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி வேளாண் பொருளாதாரம் படித்தவர்கள் ஆய்வு செய்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் பற்றி எழுத அந்தந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு விவரம் கேட்க வேண்டியதில்லை. நூலகத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். உங்கள் கம்பெனியைப் பற்றியும் அப்படி எழுத முடியுமா என்பதே நல்ல சோதனை.

கூகுள் தேடலில் கம்பெனி மேலே வரும் என்ற எண்ணத்தில் பக்கம் கேட்கிறவர்களுக்கு ஒரு விவரம். விக்கிப்பீடியாவிலிருந்து வெளித்தளங்களுக்குப் போகும் இணைப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி, 2007 முதல் தானாகவே சேர்கிறது. உங்கள் வெப்சைட் முகவரியைப் பத்துக் கட்டுரைகளில் செருகினாலும் தரவரிசைக்கு அதனால் பலன் கிடைக்காது. எரிதம் (ஸ்பாம்) போடுகிறவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

முதல் படி: எழுதும் முன் சான்று தேடுங்கள்

ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கம்பெனியிடமிருந்து கிளம்பிய எழுத்து, வலப்பக்கம் வெளியாரிடமிருந்து கிளம்பிய எழுத்து. கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் இதில் எங்கே வைப்பது என்று பாருங்கள்.

இடப்பக்கம் போக வேண்டியவை: கம்பெனி வெப்சைட், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் பேட்டி, ஜிஎஸ்டி பதிவு, கம்பெனிப் பதிவாளர் விவரம், ஜஸ்ட்டயல் போன்ற பட்டியல்கள், பணம் கட்டி வாங்கும் விருதுகள், கம்பெனி அனுப்பிய பத்திரிகைக் குறிப்பை அப்படியே அச்சிட்ட செய்தி. கடை திறக்கும் அன்று நாளிதழின் சேலம் பதிப்பில் வாழ்த்து விளம்பரங்களுக்கு நடுவே வரும் முழுப்பக்கச் சிறப்பு மலரும் இடப்பக்கம்தான். நிறுவனரின் பேட்டியும் அப்படித்தான். பத்திரிகை பெரியதாக இருந்தாலும் பேசுகிறவர் அவரே. இவற்றில் எதுவும் பொய் என்று பொருளில்லை. தகுதியை நிரூபிக்க இவை உதவாது, அவ்வளவுதான். தொடங்கிய ஆண்டு, அலுவலகம் இருக்கும் ஊர் போன்ற சாதாரண விவரங்களுக்குக் கம்பெனி வெப்சைட்டையே சான்றாகக் காட்டலாம்.

வலப்பக்கம் வருபவை குறைவு: நிருபர் தானே விசாரித்து எழுதிய நீண்ட கட்டுரை, பல்கலைக்கழக ஆய்வேடு, தொழில் வரலாற்று நூல், அரசு விசாரணை அறிக்கை, மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்). ஒரு வரி வந்து போனால் போதாது. “அழகாபுரத்தில் உள்ள இன்ன ஓட்டலில் கூட்டம் நடந்தது” என்ற செய்தி கூட்டத்துக்குச் சான்றாகுமே தவிர ஓட்டலுக்கு ஆகாது. அந்தக் கம்பெனியைப் பற்றியே நாலைந்து பத்தியாவது இருக்க வேண்டும்.

இந்தியப் பத்திரிகைகளில் காசு கொடுத்துப் போடும் செய்திகள் உண்டென்று ஆங்கில விக்கிப்பீடியாவின் சான்று விதிகளிலேயே தனி எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே எழுதியவர் பெயர் இல்லாமல், “பிராண்ட் ஸ்பாட்லைட்” போன்ற தலைப்பின் கீழ் வந்த புகழுரையைக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள்.

வலப்பக்கத்தில் இரண்டு தேறினால் யோசிக்கலாம். மூன்று இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். ஒன்றும் தேறவில்லையா? கம்பெனிக் கட்டுரையை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வார உழைப்பு மிச்சம். அந்த உழைப்பை எங்கே போடலாம் என்று கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: சேலம் பதிப்பில் வந்த பழைய செய்தி இணையத்தில் இல்லையே, என்ன செய்வது? இணையத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளிதழ் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண், தலைப்பு, எழுதியவர் பெயர், இவற்றைக் கொடுத்தால் போதும். அந்தத் துண்டைப் போட்டோ எடுத்து விக்கியில் ஏற்றாதீர்கள். செய்தித்தாளின் பதிப்புரிமை செய்தித்தாளுக்கே உரியது. ஏற்றிய படம் பதிப்புரிமை மீறல் என்று உடனே நீக்கப்படும், அதோடு உங்கள் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் விழும்.

இரண்டாம் படி: நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்

கம்பெனி பெயரிலேயே கணக்குத் தொடங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு உரியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கம்பெனிப் பெயர் தாங்கிய கணக்கைத் தடை செய்துவிடுவார்கள். உங்கள் பெயரிலோ புனைபெயரிலோ தொடங்குங்கள்.

அடுத்தது, சம்பளம் வாங்குகிறவரா என்பது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் 2014 முதல் ஒரு நிபந்தனை இருக்கிறது: பணம் பெற்றுக்கொண்டு தொகுப்பவர் (கட்டுரை எழுதுகிறவர், திருத்துகிறவர்) யாருக்காகச் செய்கிறார், யார் பணம் தருகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் வேறு வேலை பார்த்துக்கொண்டே “இதையும் சேர்த்துப் பாருப்பா” என்று சொல்லப்பட்ட ஊழியரும் இதில் அடக்கம். கல்லூரி விடுமுறையில் வந்த இன்டர்ன் பையனும் அடக்கம். உங்கள் பயனர் பக்கத்திலோ, கட்டுரையின் உரையாடல் பக்கத்திலோ, தொகுப்புச் சுருக்கத்திலோ (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பு) எழுதலாம். ஒரு வரி போதும்: “நான் இன்ன நிறுவனத்தின் ஊழியர், அந்த நிறுவனத்துக்காகவே இக்கட்டுரையைத் தொகுக்கிறேன்.”

சொன்னால் நீக்கிவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். உண்மையில் சொன்னவருக்குத்தான் உதவி கிடைக்கிறது. புதுக் கணக்கு, முதல் தொகுப்பே ஒரு கம்பெனிக் கட்டுரை, அதில் ஆறு தலைப்பும் லோகோவும் என்று வந்தாலே அனுபவசாலிகளுக்குப் புரிந்துவிடும். மறைத்தது தெரிந்தபின் நல்ல வாக்கியத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அலுவலகத்தில் நாலு பேர் நாலு கணக்குத் தொடங்கி, நீக்கல் உரையாடலில் “கட்டுரை இருக்கட்டும்” என்று ஓட்டுப் போடுவது இன்னும் மோசம். அங்கே தலைக்கணக்கு எடுப்பதில்லை, காரணத்தைத்தான் பார்க்கிறார்கள். நாலு கணக்கும் ஒன்றாகத் தடைபடும்.

மூன்றாம் படி: வாக்கியத்தைக் கழுவுங்கள்

இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“1987 முதல் சேலத்தின் நம்பர் ஒன் வெள்ளிக் கொலுசு உற்பத்தியாளராகத் திகழும் எங்கள் நிறுவனம், தரத்தில் சமரசமே செய்யாமல், லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்று, பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் டிசைன்களை நியாயமான விலையில் வழங்கி வருகிறது.”

இதை ஒவ்வொரு துண்டாக எடுங்கள். ‘நம்பர் ஒன்’ என்று சொன்னது யார், எந்த அளவுகோலில்? சான்று இல்லை, எடுத்துவிடுங்கள். ‘திகழும்’ வெறும் அலங்காரம். ‘எங்கள்’ என்ற சொல் ஒன்றே கட்டுரையை விளம்பரமாக்கிவிடும். ‘தரத்தில் சமரசமே செய்யாமல்’ என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. ‘லட்சக்கணக்கான’ யார் எண்ணியது? ‘பாரம்பரியமும் நவீனமும்’ என்பது கொலுசுக்கும் பொருந்தும், குக்கருக்கும் பொருந்தும். ‘நியாயமான விலை’ விற்பனைப் பேச்சு. எல்லாம் போனபின் மிஞ்சுவது: “இந்நிறுவனம் 1987-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட வெள்ளிக் கொலுசு உற்பத்தி நிறுவனம்.” ஒரே வரி. அதற்கும் சான்று வேண்டும்.

மொழியைத் திருத்தினால் கட்டுரை நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். புகழுரையை அகற்றியபின் ஒரு வரிதான் மிச்சமென்றால், சான்றில்லாத குறைதான் மொழிக் குறையாக வெளியே தெரிந்திருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘அப்பட்டமான விளம்பரம்’ என்ற காரணத்துக்காக உரையாடலே இல்லாமல் விரைந்து நீக்கும் விதி உண்டு. அடியோடு திருத்தி எழுதினாலொழியக் கலைக்களஞ்சியக் கட்டுரையாக ஆகாது என்ற நிலையில் இருப்பவற்றுக்கு அது பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவிலும் விளம்பரத் தொனிக் கட்டுரைகளை நிர்வாகிகள் விட்டுவைப்பதில்லை.

விலைப்பட்டியல், கிளைகளின் முகவரி, போன் நம்பர், அறை வாடகை, ‘எங்கள் நோக்கம்’, இயக்குநர்கள் எல்லோரின் பெயர், இவை எதற்கும் அங்கே இடமில்லை. வெப்சைட்டிலிருந்து ஒட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது உங்கள் கம்பெனியின் சொந்த எழுத்தே ஆனாலும், கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற அனுமதியோடு, வெளியிட்டதற்கான அத்தாட்சி இல்லாதவரை பதிப்புரிமை மீறலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக எழுதுங்கள்.

எழுதுவதை உங்கள் மணல்தொட்டியில் (கணக்கோடு கிடைக்கும் பயிற்சிப் பக்கம்) எழுதுங்கள். முடிந்ததும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒத்தாசைப் பக்கத்தில், உங்கள் தொடர்பையும் சொல்லி, யாரையாவது பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் என்றால் வரைவாகச் சமர்ப்பித்துப் பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் யாரும் தொடாத வரைவு அங்கே நீக்கப்படும்.

முதலாளியிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். பக்கம் நின்றுவிட்டால் அது கம்பெனியின் பக்கம் ஆகாது. தொழிலாளர் போராட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீஸ், வழக்கு என்று பத்திரிகையில் வந்த எதையும் யாரும் சான்றோடு சேர்க்கலாம். சேகோ ஃபேக்டரிக் கழிவுநீரைப் பற்றி நம் மாவட்டத்தில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பிடிக்கவில்லை என்று அதை நீக்க முடியாது.

நான்காம் படி: படங்கள்

படங்களில் தவறு செய்பவர்கள்தான் அதிகம். விதிகளும் இங்கேதான் நுணுக்கமானவை.

பெரும்பாலான படங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் விக்கிமீடியா பொதுவகம் (காமன்ஸ்), எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் கிடங்கு. 2004-இல் தொடங்கியது; இன்று பத்துக் கோடிக் கோப்புகளுக்கு மேல் இருக்கின்றன. இத்தனை இடம் இருக்கும்போது நம் ஐந்து படங்களை வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். இடம் அங்கே பிரச்சினையே இல்லை. பொதுவகம் கேட்பவை இரண்டு: படம் கட்டற்ற உரிமத்தில் இருக்கிறதா, கல்வி நோக்கத்துக்கு எவருக்காவது பயன்பட வாய்ப்பு உண்டா.

இரண்டாவது கேள்வியில்தான் ‘பயன்படாத படம்’ வருகிறது. எந்தக் கட்டுரையிலும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுவகம் ஒரு படத்தை நீக்குவதில்லை. குச்சிக்கிழங்கு அரைபடும் படம் பத்து வருடம் யாரும் எடுக்காமல் கிடந்தாலும் கிடக்கலாம். என்றைக்காவது ஒரு பாடநூலுக்கு உதவும். மறுபுறம், சாதாரணமாகத் தகுதியற்றது என்று கருதப்படும் படம்கூட, ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரையில் முறையாகப் பயன்பாட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளப்படும். முன்பே சொன்ன தொடர்பு இதுதான். கம்பெனிக் கட்டுரை இருந்தவரை நிறுவனர் படத்துக்கு அந்தக் கட்டுரை காவல். கட்டுரை நீங்கியதும் காவல் போய்விடும். குத்துவிளக்குப் படமும், கேடயம் வாங்கும் படமும், ஊழியர்கள் குரூப் போட்டோவும் இனி யாருக்குப் பயன் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

லோகோவின் கதை வேறு. கட்டற்ற உரிமம் இல்லாத லோகோவைப் பொதுவகத்தில் ஏற்றவே கூடாது. உரிமையாளரின் அனுமதி இல்லாமலே குறிப்பிட்ட தேவைக்கு அளவோடு பயன்படுத்தும் நியாயப் பயன்பாடு என்ற சலுகை அங்கே கிடையாது. அதை அனுமதிக்கும் விக்கிப்பீடியாக்களில் அந்தந்தத் தளத்திலேயே ஏற்ற வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படி ஏற்றும் படம் சிறியதாக, சுமார் ஒரு லட்சம் பிக்ஸலுக்குள், அதாவது 300-க்கு 330 அளவில் இருந்தால் போதும் என்பார்கள். எந்தக் கட்டுரையில் எதற்காக வருகிறது என்ற விளக்கமும் சேர்க்க வேண்டும். கட்டுரையில் இல்லாமல் போனால் ஏழு நாள் கெடு, அதன்பின் நீக்கம். பயன்பாடு ஒன்றே அந்தப் படத்தை அங்கே வைத்திருக்கும் நியாயம் என்பதால், பயன்பாடு நின்றதும் நியாயமும் நின்றுவிடுகிறது. ஆகவே கட்டுரை நிலைத்தபின் லோகோவை ஏற்றுங்கள். முன்கூட்டி ஏற்றி வைக்காதீர்கள்.

உரிமம். பொதுவகம் ஏற்பது கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய், பிஒய்-எஸ்ஏ, சிசி0 போன்றவை. ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’, ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனை உள்ள உரிமங்களை ஏற்பதில்லை. இதன் பொருளை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கேட்டலாக் படத்தைப் பொதுவகத்தில் போட்டால் எதிர்க்கடைக்காரர் அதை எடுத்துத் தன் நோட்டீஸில் அச்சடிக்கலாம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பின்னால் மனம் மாறினாலும் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. விற்பனைக்காகச் செலவழித்து எடுத்த டிசைன் படங்களை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்பதே எங்கள் யோசனை.

யார் உரிமையாளர் என்பதிலும் குழப்பம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் ஏற்றுகிறவர் நீங்கள். ‘என் சொந்தப் படைப்பு’ என்று தட்டிவிட்டால், எடுத்தவர் பெயர் கோப்பின் உள்விவரத்தில் (கேமரா கோப்புக்குள் பதியும் தேதி, மாடல் போன்ற தகவல்) இருக்கலாம். பார்ப்பவர் கேள்வி கேட்பார். சொந்தப் படைப்பு என்பது நீங்கள் கேமரா பிடித்த படத்துக்கு மட்டும். மற்றவற்றுக்கு உரிமையாளர், விக்கிமீடியாவின் தன்னார்வ அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சலில் எழுத்துமூலம் அனுமதி அனுப்ப வேண்டும்; கம்பெனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து போனால் எளிதாக முடியும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்ற வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது, கேமராவின் உள்விவரத்தையும் அழித்துவிடுகிறது. சின்ன அளவு, உள்விவரம் இல்லை, புதுக் கணக்கு, மூன்றும் சேர்ந்தால் இணையத்திலிருந்து எடுத்த படம் என்ற சந்தேகம் தானாக வரும். எடுத்த போனிலிருந்தே மூலக்கோப்பை ஏற்றுங்கள். தேதி முத்திரையும் கம்பெனி வாட்டர்மார்க்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் படமெடுத்து வெளியிட இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாராளமாக எடுக்கலாம். ஃப்ளெக்ஸ் பேனர், சினிமா போஸ்டர், சுவரோவியம், ஜவ்வரிசி மூட்டையின் மேல் அச்சடித்த ஓவியம், இவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்தால் பரவாயில்லை. படமே அதுவென்றால் போகும். பட்டறைக்குள் வேலை செய்கிறவரின் முகம் தெரிகிறது என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். படம் எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

கோப்புப் பெயரிலும் விவரிப்பிலும் சோம்பல் வேண்டாம். கேமரா கொடுத்த எண்ணைப் பெயராக விட்டால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தேட முடியாத படம் பயன்படாத படமாகவே இருக்கும். “சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குப் பால் தெளியும் தொட்டி, சேலம் மாவட்டம்” என்று பெயர் வையுங்கள். விவரிப்பில் எந்தக் கட்டம், எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதுங்கள். பகுப்பு (படங்களை வகைப்படுத்தும் தலைப்பு) இரண்டு மூன்று சேருங்கள்: தொழிலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று.

“பக்கத்தைக் காப்பாற்றித் தருகிறோம்” என்று வரும் அழைப்புகள்

வரைவு நிராகரிக்கப்பட்ட சில நாளில், தான் விக்கிப்பீடியா நிர்வாகி என்றும், இவ்வளவு கட்டினால் பக்கத்தை ஏற்றித் தருவதாகவும், மாதாமாதம் கட்டினால் பாதுகாப்பதாகவும் மின்னஞ்சலோ போனோ வரலாம். இது பழைய மோசடி. 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘ஆரஞ்ச்மூடி’ என்று பெயர் வைத்து நடந்த விசாரணையில், இப்படிச் சிறு தொழில்களையும் கலைஞர்களையும் குறிவைத்துப் பணம் பறித்த கும்பலின் 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன. அவர்கள் உருவாக்கிய இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளும் நீக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்ட வரைவுகளின் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதால், ஆளைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சுலபம். பக்கத்தை ஏற்கவோ காக்கவோ விக்கிப்பீடியா யாரிடமும் பணம் வாங்குவதில்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீக்கல் அறிவிப்பு வந்தால்

பதறி, பக்கத்தின் மேலே வைத்திருக்கும் அறிவிப்புப் பெட்டியை (வார்ப்புரு) அழிக்காதீர்கள். காரணத்தைப் படியுங்கள். பொதுவகத்தில் உரையாடலுக்கு வந்த நீக்கல் கோரிக்கை பொதுவாக ஏழு நாளாவது திறந்திருக்கும். பதிப்புரிமை மீறலும் அப்பட்டமான விளம்பரமும் அதற்கு முன்பே போய்விடும். உரிமைச் சிக்கலென்றால் அனுமதி மின்னஞ்சல் அனுப்பியதை அங்கே எழுதுங்கள். தகுதிச் சிக்கலென்றால் உங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் இருப்பதை அங்கே வையுங்கள். “மற்ற கம்பெனிக்கு மட்டும் பக்கம் இருக்கிறதே” என்ற வாதம் எடுபடாது. சில சமயம் அந்தப் பக்கமும் சேர்ந்து போகும்.

நீக்கப்பட்டபின் அதே தலைப்பில் மறுபடி மறுபடி போட்டால் தலைப்பையே பூட்டிவிடுவார்கள். பிற்காலத்தில் உண்மையிலேயே தகுதி வந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்கக் கேட்டு நிற்க வேண்டும். எழுதியதன் படி வேண்டுமென்றால் நீக்கிய நிர்வாகியின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். பதிப்புரிமை மீறல் இல்லாதவரை அனுப்பித் தருவதுண்டு.

கம்பெனிக்குப் பதில் எதை எழுதலாம்

கடை இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதுதான் தேவையா? கூகுள் வணிகப் பக்கம் அதற்காகவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உண்மையாக இருக்கும் எந்தக் கடையையும் விடுதியையும் பெயர், நேரம், போன் நம்பரோடு சேர்க்கலாம். குறிப்பிடத்தக்கமை பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவருக்கு விக்கிப்பீடியாப் பக்கத்தைவிட அந்தப் புள்ளிதான் உதவும்.

எழுதும் ஆசையும் சேர்ந்திருந்தால், தொழிலைப் பற்றி எழுதுங்கள். கம்பெனிக்குச் சான்று கிடைக்காத ஊரில் தொழிலுக்கு ஏராளமாகக் கிடைக்கும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதற்கான விண்ணப்ப ஆவணங்களிலேயே செய்முறை விரிவாக இருக்கும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது முதல் ஏற்காட்டுத் தோட்டங்களின் வரலாறு மாவட்டச் சுவடிகளில் இருக்கிறது.

படமும் அங்கேதான் தேவை. ஏற்காடு ஏரியைப் படகுத்துறையிலிருந்து எடுத்த இன்னொரு படம் யாருக்கும் வேண்டியதில்லை. சேகோ ஃபேக்டரிக்குள் போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதே, அது வெளியாருக்குக் கிடைக்காத வாய்ப்பு. லோடு இறங்கும் கிழங்கு, தோல் சீவி, கழுவி, அரைபடுவது, சல்லடையில் பால் பிரிந்து திப்பி ஒதுங்குவது, தொட்டியில் மாவு படிவது, துணித் தொட்டிலிலோ இயந்திரத்திலோ குருணை உருளுவது, சூடான தட்டில் வறுபடுவது, களத்தில் வெள்ளையாகப் பரப்பிக் காயவைப்பது என்று கட்டத்துக்கு ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும். ஃப்ளாஷ் போட்டால் ஈர மாவு வெளுத்துப் போய் ஒன்றும் தெரியாது. அளவு புரிய ஒரு கையோ முறமோ படத்துக்குள் இருக்கட்டும். கொலுசுப் பட்டறை என்றால் கம்பி இழுப்பது, சங்கிலி கோப்பது, பற்றவைப்பது, சலங்கை சேர்ப்பது, மெருகேற்றுவது. காப்பித் தோட்டமென்றால் ஜனவரியில் பழம் பறிப்பு, பழத்தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரம், உலர்களம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி.

விவரிப்பில் “படம் எடுக்கப்பட்ட இடம்” என்று உங்கள் ஆலையின் பெயரை ஒரு முறை எழுதிக்கொள்ளலாம். அது தகவல், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஏற்றி முடித்ததும் அந்தப் படங்களில் இரண்டையாவது ‘ஜவ்வரிசி’ கட்டுரையில் உரிய பத்திக்குப் பக்கத்தில் சேருங்கள். ஏழெட்டுப் படத்தையும் ஒரே கட்டுரையில் அடுக்கினால் படத்தொகுப்பு ஆகிவிட்டது என்று யாராவது குறைப்பார்கள். மீதியைப் பொதுவகப் பகுப்பிலேயே விட்டுவிடுங்கள். கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் (மாற்றம் வந்தால் தெரியப்படுத்தும் பட்டியல்) போட்டுவையுங்கள், யாராவது விவரிப்பில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.